நாற்காலிக்குத் தமிழ் தெரியாது

ராஜாராமன்: உக்காராதேள்! அத்திம்பேர், அதுல மட்டும் உக்காராதேள்!

மஹாதேவன்: ஏண்டா இப்படி அலறறே? இன்னிக்கு சனிக்கிழமைதானே? என் இடம்தானே இது?

ராஜாராமன்: இன்னிக்கு உங்க இடத்துல வேற ஆள்.

மஹாதேவன்: எங்கேடா ஆள்? பச்சை வெல்வெட் துணி தெரியறது. துணி மேல நாய் தெரியறது. வேற ஒண்ணையும் காணோமே.

ராஜாராமன்: ஆள் துணிக்குள்ள. நீங்க மட்டும் எப்படி உக்காருவேள்? நான் படம் எடுக்கற வரைக்கும் தலையோட துணியைப் போத்திண்டு, நாயை மடியில வெச்சுண்டு, நாற்காலி மாதிரி அசையாம... அதே வேலைதான்.

மஹாதேவன்: போன சனிக்கிழமை வரைக்கும் நான்தான் உனக்கு நாற்காலி. ஒரு வார்த்தை சொல்லாம வேலையை விட்டு நீக்கிட்டியா?

ராஜாராமன்: நீங்கதானே சொன்னேள், கிடர்பூர் துறைமுகத்துல கப்பல் வரது, ஆபீஸ்ல விடமாட்டான்னு!

மஹாதேவன்: கப்பல் வரலை. காத்து பலமா அடிக்கறதுன்னு ஆத்து முகத்துவாரத்துலயே நின்னுடுத்து. அரை நாள்ல விட்டுட்டான்.

ராஜாராமன்: எனக்கென்ன ஜோசியமா தெரியும்? தெருநாய் பிடிக்கற நாய்வண்டிக்காரன் இந்த நாயை இரவல்தான் குடுத்திருக்கான். அவன் பொண்ணைப் படம் எடுத்துக் குடுத்தேனே, அந்த மரியாதைக்கு. விளக்கு வெக்கறதுக்குள்ள யாராவது கூட்டிண்டு போனா சரி. இல்லேன்னா திரும்ப நாய்க் கொட்டடிக்கு வந்துடணும்னுட்டான். கொட்டடிக்குப் போனா திங்கட்கிழமை இவன் உசிரோட இருக்கமாட்டான்.

மஹாதேவன்: தெரியும்டா. அதனாலதானே வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்திருக்கேன்... யார் உள்ளே?

ராஜாராமன்: அது... கீழ்வீட்டு சமையல்காரர். வங்காளி.

மஹாதேவன்: வங்காளியா? கொஞ்சம் இரு. இடது பக்கம் துணி தூக்கிண்டிருக்கு பார். கால் படத்துல விழப்போறது. இழுத்து விடு.

ராஜாராமன்: ஐயையோ! இழுத்துட்டேன்... இழுத்துட்டேன். நீங்க ஒண்ணும் பாக்கலையே?

மஹாதேவன்: என்னத்தைப் பாக்கணும்?

ராஜாராமன்: ஒண்ணுமில்லே. சும்மா கேட்டேன்.

மஹாதேவன்: ராஜா, உன் வங்காளிக்குத் தமிழ் தெரியுமோ?

ராஜாராமன்: தெரியாது.

மஹாதேவன்: கொஞ்சம் கூடவா?

ராஜாராமன்: காளி சத்தியமா தெரியாது. வேணும்னா பாருங்கோ... தாதா! எக்டு தாடான்! அண்ணா, கொஞ்சம் இருங்கோன்னு வங்காளத்துல சொன்னேன். இருக்கார் பாருங்கோ.

மஹாதேவன்: ஆமாம், இருக்கார். அப்போ சௌகரியமாப் போச்சு. நான் இந்த முக்காலியில உக்காந்துக்கறேன்.

ராஜாராமன்: நீங்க ஆத்துக்குப் போகலையா? அக்கா காத்துண்டிருப்பாளே!

மஹாதேவன்: உன் அக்காவா? ஆத்துலயா? காத்துண்டிருப்பா, காத்துண்டிருப்பா. சனிக்கிழமை நான் லேட்டாத்தான் போவேன்னு அவளுக்குத் தெரியும். காளிகாட் போயிட்டு வரேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

ராஜாராமன்: அத்திம்பேர்... அந்தக் கதையெல்லாம் இப்போ எதுக்கு?

மஹாதேவன்: நாயை மடியில வெச்சுண்டா குளிக்காம ஆத்துக்குள்ள போக முடியுமா? காளிகாட் படித்துறையில ஒரு முழுக்குப் போட்டுட்டு, நெத்தி நிறைய குங்குமத்தோட போய் நிக்கறேன். உன் அக்கா பூரிச்சுப் போறா. இவருக்கு சனிக்கிழமை பக்தின்னு அடுத்த தெரு சாவித்ரி மாமி வரைக்கும் சொல்லியாச்சு.

ராஜாராமன்: தாதா, நொட்பேன் நா! அசையாதேள்! இப்போ எதுக்கு நாற்காலி இப்படிக் குலுங்கறது?

மஹாதேவன்: இருமல் போல இருக்கு. பாவம், துணிக்குள்ள புழுக்கமா இருக்கும். எனக்குத்தான் தெரியுமே... ஏண்டா, இங்கே பெருங்காய வாசனை வரதே?

ராஜாராமன்: சமையல்காரர்னேனே! தாளிச்சுண்டிருந்தவரை அப்படியே கூட்டிண்டு வந்தேன்.

மஹாதேவன்: நம்மாத்து ரசம் மாதிரி வாசனை.

ராஜாராமன்: பெருங்காயம் எல்லாருக்கும் ஒரே கடைதான். அத்திம்பேர், பேசாம இருங்கோ. மேகம் விலகினா நான் காமிரா மூடியைத் திறக்கணும். படம் விழற தகடு ரெண்டேதான் பாக்கி.

மஹாதேவன்: மேகம் எங்கே விலகறது? கண்ணாடிக் கூரைக்கு மேல கறுப்புக் கம்பளி போத்தின மாதிரி இருக்கு. விலகற வரைக்கும் பேசிண்டிருக்கலாம்... துரை! டேய் துரை! என்னைப் பார்றா.

ராஜாராமன்: கூப்பிடாதேள்! வாலை ஆட்டினா படத்துல புகை மாதிரி விழும். பட்டு, இந்தப் பக்கம் பாரு. இதோ, என் கையைப் பாரு...

மஹாதேவன்: பட்டுவா? யாருடா பட்டு?

ராஜாராமன்: அது... நாற்காலி வெச்ச பேர்.

மஹாதேவன்: வங்காளி சமையல்காரர் நாய்க்குப் பட்டுன்னா பேர் வெச்சார்? பாசம்தான்.

ராஜாராமன்: அவாளுக்குள்ளயும் இருக்கும். எனக்கென்ன தெரியும்!

மஹாதேவன்: சரி, எந்தப் பேரா இருந்தா என்ன... கிழிஞ்ச காதை என்ன பண்ணப்போறே?

ராஜாராமன்: அதைத்தான் காலைலேர்ந்து யோசிக்கறேன். வெளிச்சம் வலது பக்கத்துலேர்ந்து வரட்டும். கிழிஞ்ச காது நிழல்ல போயிடும். கண்ணுல மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம். பின்னாடி அரண்மனைப் படிக்கட்டுத் திரை. பாக்கறவாளுக்குத் தெருநாய்னே தோணக்கூடாது.

மஹாதேவன்: ஜமீன்தார்னு தோணணும்.

ராஜாராமன்: ஆமாம். வேஷம் போட்டு இல்லை. மாலை, தொப்பி ஒண்ணும் கிடையாது. அதெல்லாம் வித்தைகாட்டற வேலை. அது எப்படி இருக்கோ அப்படியே, ஆனா கௌரவமா இருக்கணும். படத்தை வாசல் கண்ணாடில மாட்டிட்டா அதுக்கப்பறம் நான் பேசவே வேண்டாம், அவாளே வந்து நாயைக் கேப்பா. அந்த ஒத்தைக்கண்ணன் ஞாபகம் இருக்கா?

மஹாதேவன்: இல்லாம என்ன? என் மடியிலதானே உக்காந்தான். வேஷ்டியை ஈரம் பண்ணிட்டானே மகாபாவி!

ராஜாராமன்: நல்ல கண்ணு தெரியற மாதிரி பக்கவாட்டுல எடுத்தேன். இப்போ பாரிஸ்டர் வீட்டு மெத்தையில தூங்கறான். நேர்ல பார்த்தப்பறம்தான் அவாளுக்கு ஒத்தைக்கண்ணுன்னே தெரிஞ்சுது. அதுக்குள்ள மனசு விழுந்துடுத்து. திருப்பி அனுப்பலை.

மஹாதேவன்: ஆனா ஒண்ணு சொல்லணும் ராஜா. நான் பிடிச்ச நாய்களெல்லாம் பரீட்சைக்கு உக்காந்த மாதிரி முழிக்கறது. புதன்கிழமை நீ எடுக்கற படத்துலயெல்லாம் நாய் அப்படியே சொக்கிப் போய் உக்காந்திருக்கு. யார் உன்னோட புதன்கிழமை நாற்காலி?

ராஜாராமன்: இ... இவர்தான்.

மஹாதேவன்: அப்படியா! நன்னாப் பழகின கை. பயந்துபோன பிராணிக்கு அது தெரியும். நான் அந்தப் படங்களைப் பார்த்து நினைச்சுப்பேன், இந்தக் கையால யாரோ ஒரு குழந்தையை வளர்த்திருக்கான்னு.

ராஜாராமன்: இருங்கோ, காமிராவைத் துடைக்கறேன்.

மஹாதேவன்: உன் அக்காவையும் ஒரு படம் எடுக்கணும்னு எனக்கு ஆசை. காமிரான்னாலே ஓடறா. படம் எடுத்தா ஆயுசு குறையுமாமே.

ராஜாராமன்: துணிக்குள்ள இருந்தா குறையாதுன்னு அக்காவே... அதாவது, வங்காளியே சொன்னார்.

மஹாதேவன்: நல்ல சாஸ்திரம். யாருக்கு இந்தப் படம்? அலிப்பூர் ஜட்ஜம்மாவுக்கா?

ராஜாராமன்: ஆமாம். நாய் வேணுமா வேண்டாமான்னு படத்தைப் பார்த்துத்தான் சொல்லுவா. அவா ஆள் சாயங்காலம் வருவான். தகட்டைக் கழுவி, சீக்கிரம் காயறதுக்கு ஸ்பிரிட்ல முக்கி எப்படியாவது ஒரு பிரதி போட்டுக் குடுத்துடுவேன். பிடிச்சிருந்தா இவன் தப்பிச்சான். பெரிய தோட்டம், பால், கழுத்துக்குப் பட்டை...

மஹாதேவன்: ம்.

ராஜாராமன்: என்ன ம்? நீங்கதானே வியாழக்கிழமை வந்து என் கையைப் பிடிச்சுண்டேள், துரையைப் பிடிச்சுண்டு போயிட்டா, எப்படியாவது காப்பாத்துடான்னு!

மஹாதேவன்: காப்பாத்துன்னேன். அலிப்பூருக்கு அனுப்புன்னேனா?

ராஜாராமன்: வேற எங்கே அனுப்பறது?

மஹாதேவன்: தினம் காலம்பற டிராம் வரைக்கும் கூட வருவான்டா. நான் ஏறி உக்காந்ததும்தான் திரும்புவான், என்னமோ என்னை ஆபீஸுக்கு அனுப்பி வெக்கற பெரிய மனுஷன் மாதிரி. அதான் துரைன்னு பேர் வெச்சேன். உன் அக்கா கட்டிக் குடுக்கற தயிர்சாதத்துல பாதி அவனுக்குத்தான்.

ராஜாராமன்: அத்திம்பேர்! போறும்!

மஹாதேவன்: பாத்திரம் காலியா வரதைப் பார்த்து, இவருக்கு இப்போ நன்னாப் பசிக்கறதுன்னு அவ ஒரு கரண்டி சேர்த்து வெக்கறா. நான் சொல்லிக்கலை. துரை புஷ்டியாயிட்டான்.

ராஜாராமன்: நாற்காலி மறுபடியும் குலுங்கறது... தாதா! தாதா!

மஹாதேவன்: குலுங்கட்டும் விடு. வெளிச்சம் வரலையே இன்னும்.

ராஜாராமன்: வெளிச்சம் வந்தா ஒரு நிமிஷம்கூட நிக்காது. நீங்க வெளில போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்கோளேன்?

மஹாதேவன்: டீ வேண்டாம். சொல்ல வேண்டியதை சொல்லிடறேன். ராஜா, எனக்கு இவன் வேணும். நம்மாத்துல வேணும்.

ராஜாராமன்: அதை அக்காகிட்ட சொல்லுங்கோ. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போறது?

மஹாதேவன்: சொல்லணும்னு தினம் ராத்திரி இலை முன்னாடி உக்காந்துக்கறேன். ரசம் நன்னாருக்குங்கறேன். அவ, இன்னும் கொஞ்சம் விடட்டுமாங்கறா. போறுங்கறேன். அவ்வளவுதான்டா எங்க பேச்சு. பொண்ணு சுப்புலக்ஷ்மியைப் புக்காத்துக்கு அனுப்பினதுலேர்ந்து இப்படித்தான். அவ இருந்த வரைக்கும் வீட்ல ஒரே கத்தல். அம்மா பாரும்மா, அப்பா பாருப்பான்னு. அவளை வெச்சுத்தான் நாங்க ரெண்டு பேரும் பேசிண்டிருந்தோம்னு அவ போனப்பறம்தான் தெரிஞ்சுது.

ராஜாராமன்: ...அத்திம்பேர், இதை நீங்க என்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே.

மஹாதேவன்: சொல்ல வரலை. எனக்கு மட்டுமா கஷ்டம்? பெத்தவ அவ. ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை என் எதிர்ல. நான் வருத்தப்படுவேன்னு அடக்கிக்கறா. நான் என்ன பண்ணணும்னு தெரியாம பேப்பரைப் பிரிச்சு வெச்சுண்டு உக்காந்துடறேன்.

ராஜாராமன்: மேகம் விலகறது! தாதா, நொட்பேன் நா! அத்திம்பேர், வாயை மூடுங்கோ... திறந்துட்டேன்... ஒண்ணு... ரெண்டு...

மஹாதேவன்: போன மாசம் ஒருநாள்...

ராஜாராமன்: உஸ்ஸ்!

மஹாதேவன்: ...தூறல் போட்டுண்டிருந்தது. உன் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடிச்சுண்டு தெருவைப் பார்த்து சிரிச்சா. வாய்விட்டு சிரிச்சாடா! யாரைப் பார்த்துன்னு நான் பின்னாலேர்ந்து எட்டிப் பார்த்தேன். கீழே துரை, தன்னோட வாலையே துரத்திண்டு சுத்தறான், சுத்தறான்... சேத்துல விழுந்து எழுந்து மறுபடியும் சுத்தறான். சுப்பு போனப்பறம் அன்னிக்குத்தான் நான் அவ சிரிச்சுப் பார்த்தேன்.

ராஜாராமன்: போச்சு! தகடு போச்சு! நாற்காலி அப்படியே ஆடிப்போயிடுத்து! நாய்க்கு நாலு தலை விழுந்திருக்கும்!

மஹாதேவன்: மன்னிச்சுக்கோ.

ராஜாராமன்: மன்னிக்கறதா? இன்னும் ஒரே தகடுதான் இருக்கு! பெரிய கலை, கலைன்னு நான் காலைலேர்ந்து உசிரை விடறேன், நீங்க கதாகாலட்சேபம் பண்ணிண்டிருக்கேள்!

மஹாதேவன்: இவனை அலிப்பூருக்கு அனுப்பிட்டா அந்த சிரிப்பும் போயிடும்னு எனக்கு பயமா இருக்குடா.

ராஜாராமன்: ...அக்காவோட மடி, ஆசாரம்?

மஹாதேவன்: அதையும் யோசிச்சாச்சு. சமையல் உள்ளுக்குள்ள அவன் கால் வெக்காம பார்த்துக்கறது என் பொறுப்பு. காலம்பற அவ குளிச்சுட்டு மடியா இருக்கற நேரத்துல நான் அவனை வெளில கூட்டிண்டு போயிடுவேன். அவனைக் குளிப்பாட்டறது நான், கட்டறது நான். அவ கிட்டக்கூட வர வேண்டாம், தூர நின்னு பார்த்தாப் போறும். பின்கட்டுல, குழாயடிகிட்ட, ஒரு சாக்கைப் போட்டா அவன் பாட்டுக்குக் கிடப்பான்.

ராஜாராமன்: கீழே கதவைத் தட்டறா... ஐயோ, ஜட்ஜம்மா ஆள் அதுக்குள்ள வந்தாச்சு! படமே எடுக்கலையே! எக்டு தாடான், பாய்! வரேன்! அத்திம்பேர், நான் என்னன்னு சொல்ல? படம் இல்லாம ஜட்ஜம்மா எடுத்துக்கமாட்டா. விளக்கு வெச்சா கொட்டடி. இப்போ சொல்லுங்கோ, நான் என்ன பண்ணணும்?

மஹாதேவன்: எனக்குத் தெரியலைடா. நீ உன் நாற்காலியைக் கேளேன்.

ராஜாராமன்: விளையாடற நேரமா இது? நாற்காலி என்ன சொல்லும்?

நாற்காலி: பின்கட்டு வேண்டாம். அங்கே சாரல் அடிக்கும். மாடிப்படிக்கு அடியில போடலாம்.

மஹாதேவன்: மாடிப்படிக்கு அடியிலயா? அங்கே விறகு அடுக்கியிருக்கே.

நாற்காலி: விறகைப் பின்கட்டுல போட்டு மேல தகரம் மூடினாப் போறது. ராஜா, மரம் மாதிரி நிக்காதே. கீழே போய் அந்த மனுஷனை மரியாதையாத் திருப்பி அனுப்பு. நாய்க்கு வீடு கிடைச்சுடுத்துன்னு சொல்லு. ஜட்ஜம்மாவுக்கு வேற நாயை எடுத்துக் குடு. கொட்டடியில இன்னும் எத்தனையோ இருக்கு பாவம்.

ராஜாராமன்: பாய், போரே ஆஷ்பேன்! நாய்க்கு வீடு கிடைச்சாச்சு, அடுத்த வாரம் வேற படம் தரேன்னு மாடியிலேர்ந்தே வங்காளத்துல சொல்லிட்டேன். ...போயிட்டான். அப்பாடா! அத்திம்பேர், நாற்காலி தமிழ் பேசறது. அதுவும் கும்பகோணத்துத் தமிழ். உங்களுக்குத் தூக்கிவாரிப் போடலையா?

மஹாதேவன்: நீ காளி சத்தியம் பண்ணினியே, அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது.

ராஜாராமன்: நான் என்ன பண்ணுவேன்? நீங்க வியாழக்கிழமை வந்து, உன் அக்காவுக்குத் தெரியக்கூடாதுன்னேள். மறுநாள் இவ வந்து, எங்க தெரு பட்டுவைப் பிடிச்சுண்டு போயிட்டாடான்னு அழறா. உங்க அத்திம்பேருக்குத் தெரியக்கூடாதுங்கறா. புதன்கிழமை ஒருத்தர், சனிக்கிழமை ஒருத்தர்னு நான் பஞ்சாங்கம் பார்த்து நாய் எடுக்கறேன்!

நாற்காலி: நீ சும்மா இரு. ஏன்னா, காளிகாட் பக்தியா உங்களுக்கு? அந்தக் குங்குமத்தை நான் டப்பியில எடுத்து வெச்சு சுப்புவுக்கு வேற அனுப்பினேன்!

மஹாதேவன்: குங்குமம் நிஜம்டீ. குளிச்சுட்டு உள்ளே போய் சேவிச்சுட்டுத்தான் வருவேன். நீ புதன்கிழமைதோறும் சாவித்ரி மாமியாத்துல பாராயணம்னு கிளம்பறியே, அது?

நாற்காலி: ...பாராயணம் காலம்பறயே முடிஞ்சுடும்.

மஹாதேவன்: அப்பறம்?

நாற்காலி: அப்பறம் இங்கே. அவாத்துக் கிணத்தடியிலயே குளிச்சுட்டு வந்துடுவேன். மடியில ஒரு உசிரு சூடா, கனமா உக்காந்துண்டா... எனக்கு அது போறும்னு இருந்தது. உங்களுக்கு நாய்னாலே ஆகாதுன்னு நினைச்சேன். தெருவுல அவனைக் கண்டா, சீ போன்னு விரட்டுவேளே!

மஹாதேவன்: நீ ஜன்னல்ல நிக்கறச்சே மட்டும்தான் விரட்டுவேன்.

ராஜாராமன்: வெயில்! நல்ல வெயில்! அத்திம்பேர், வாங்கோ, பக்கத்துல உக்காருங்கோ. கடைசித் தகடு. அக்கா, துணியை எடு.

நாற்காலி: முகம் விழுமேடா. ஆயுசு குறையும்.

மஹாதேவன்: குறைஞ்சா என்னோடதுலேர்ந்து எடுத்துக்கோ. துணியை எடு பாகீரதி.

நாற்காலி: எடுக்கறேன், எடுக்கறேன்... பட்டு, இறங்காதே... இருங்கோ. ஒண்ணு கேக்கணும். நான் பேசினதும் நீங்க ஒண்ணும் பதறலையே! நான்தான்னு உங்களுக்கு எப்போ தெரியும்?

மஹாதேவன்: உள்ளே வந்ததுமே தெரியும். இடது பக்கம் துணி தூக்கிண்டிருக்குன்னேனே, உன் மெட்டி தெரிஞ்சுது. இலைக்கு முன்னாடி உன் முகத்தைப் பார்த்தா எனக்கு ரசத்தைத் தாண்டி வார்த்தை வரமாட்டேங்கறது. நாற்காலிகிட்டன்னதும் எல்லாம் சொல்லிட்டேன்.